முதியவர் வகுப்பறைக்கு வரும்போது: இருளர் அறிவும் நம் கல்விப் பணியும்

பண்டைய இஸ்ரவேலரின் கல்வி முறையைக் குறித்து எழுதுவோர் பெரும்பாலும் ஜெப ஆலயப் பள்ளியிலிருந்தே தொடங்குவர். அப்பள்ளி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே வேறொரு கல்வி முறை இருந்தது. அது பிள்ளையின் கேள்வியில் தொடங்கியது. உபாகமம் 6:20-லும் யோசுவா 4-ஆம் அதிகாரத்திலும் பிள்ளை கேட்கிறது, மூத்தவர் விடை கூறுகிறார். யோர்தானின் நடுவிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்கள் கரையில் நாட்டப்பட்டதன் நோக்கமே, பின்வரும் தலைமுறை அவற்றைக் கண்டு கேட்க வேண்டும் என்பதுதான். கேட்கப் பிள்ளை இல்லாமற்போனாலும், சொல்ல மூத்தவர் இல்லாமற்போனாலும், அவை வெறும் ஆற்றுக் கற்களே.

நம் சபைகளும் பள்ளிகளும் இம்முறையை வேதபாடத்தில் கற்பிக்கின்றன. ஆயின் நம் வகுப்பறைக்குள் எந்த மூத்தவருக்கு இடம் அளித்திருக்கிறோம், எவருக்கு அளிக்கவில்லை என்பதை நாம் ஆராய்ந்ததில்லை. அதனைச் செம்பரம்பாக்கம் ஏரியின் சுற்றுப்புறத்தை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏரிக்கரை மக்கள்

செம்பரம்பாக்கம் ஏரி 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் உடையது. சென்னை நகரின் குடிநீருக்கு ஆதாரம். அடையாற்றுக்கும் நீர் தருவது. 2015 டிசம்பரில் இதன் மதகுகள் திறக்கப்பட்டு அடையாறு பெருகியதைச் சென்னை மக்கள் மறந்திருக்க இயலாது. ஏரிக்கு மேற்கிலும் தெற்கிலும், ஸ்ரீபெரும்புதூர் தொடங்கி ஒரகடம் வரை, 1990-களின் பிற்பகுதி முதல் கார்களும் கைபேசிகளும் உருவாகும் தொழிற்சாலைகள் எழுந்தன. நெல்லும் நிலக்கடலையும் விளைந்த நிலங்களில் இன்று கிடங்குகளும் தொழிலாளர் விடுதிகளும் நிற்கின்றன. இப்பகுதிப் பள்ளிகளில் அமரும் பிள்ளைகளுள் பலர் வேறு மாவட்டங்களிலிருந்தும் வேறு மாநிலங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்களின் மக்கள். ஏரியை அவர்கள் பேருந்தின் சன்னல் வழியே காண்கிறார்கள். அதன் கரையில் எது வாழ்கிறது, மழைக்காலத்தில் எது இடம்பெயர்கிறது, எந்தப் புதரில் கை வைக்கலாகாது என்பதை அவர்களுக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

சொல்லக்கூடியவர்கள் அருகிலேயே இருக்கிறார்கள். இன்றைய காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்கள் அடங்கிய பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் ஊர்க்கோடிகளிலும் வாழும் இருளர்களே அவர்கள். 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் இருளர் தொகை ஏறக்குறைய 1,90,000. தமிழ்நாட்டின் பழங்குடிகளுள் மிகவும் நலிவுற்றோர் என அரசு வகைப்படுத்தியுள்ள ஆறு பிரிவினருள் இவர்களும் அடங்குவர். நீலகிரி இருளர்க்குத் தனிமொழி உண்டு. சமவெளி இருளர் பேசுவது பெரும்பாலும் தமிழே. ஆகவே இவர்களை வகுப்பறைக்கு அழைக்க மொழி ஒரு தடையன்று. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

1909-ஆம் ஆண்டில் எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். அவற்றில் இருளர் இடம்பெற்றுள்ளனர். தர்ஸ்டன் தாம் கண்ட மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து எழுதியவர். அளப்பதற்கு உரியவர்களாக இருளர் அன்றே கருதப்பட்டனர். கற்பிப்பதற்கு உரியவர்களாகக் கருதப்பட மேலும் பல பதிற்றாண்டுகள் ஆயின. அப்போதும் அவ்வழி பள்ளிக்கூடத்திலிருந்து திறக்கவில்லை.

வடநெம்மேலியில் நிகழ்ந்தது

இருளர் நெடுங்காலம் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தனர். வயல் எலி வளைகளில் புகையூட்டி எலியைப் பிடிப்பதும், அவ்வளைகளில் எலி சேர்த்துவைத்த நெல்லை மீட்பதும் உழவர்க்கும் பயன்பட்ட தொழில். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பாம்புத் தோல் வணிகம் பெருகிற்று. வணிகர்க்குத் தோல் கொடுத்து இருளர் சிறு கூலி பெற்றனர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976-இல் வந்த பாம்புத் தோல் ஏற்றுமதித் தடையும் அவ்வணிகத்தை முடிவுக்குக் கொணர்ந்தன. சட்டம் நல்லதே. ஆயினும் அதன் சுமை வணிகரைக் காட்டிலும் பாம்பு பிடித்தவர் மீதே விழுந்தது.

இந்நிலையில், 1978-இல், ராமுலஸ் விட்டேக்கரின் முயற்சியாலும் இருளர்களின் ஒத்துழைப்பாலும் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. மாமல்லபுரத்திற்கு வடக்கே வடநெம்மேலியில், சென்னை முதலைப் பண்ணை வளாகத்தில் அது இயங்கி வருகிறது. வனத்துறையின் உரிமம் பெற்று, ஆண்டுதோறும் வரையறுக்கப்பட்ட எண்ணிக்கையில் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு வகைகளை உறுப்பினர் பிடித்து வருகின்றனர். பாம்புகளை மண்பானைகளில் இட்டு, வாயைத் துணியால் கட்டி, மணற்பரப்பில் வரிசையாக வைத்திருப்பர். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு நஞ்சு எடுத்தபின், வயிற்றுச் செதில் ஒன்றை அடையாளமாக நறுக்கிவிட்டுக் காட்டில் விடுவர். அதே பாம்பு மீண்டும் அகப்பட்டால் அச்செதிலைக் கண்டு விட்டுவிடுவர். எடுத்த நஞ்சு உறைய வைத்து உலர்த்தப்பட்டு மருந்து நிறுவனங்களுக்குச் செல்கிறது. குதிரைகளின் உடலில் சிறுகச் சிறுகச் செலுத்தப்பட்டு நச்சுமுறி மருந்தாகிறது. இந்தியாவில் தயாராகும் நச்சுமுறி மருந்தின் பெரும்பகுதிக்கு மூலப்பொருள் இச்சங்கத்திலிருந்தே சென்றுள்ளது.

இதன் பெறுமதியை அறிய ஓர் எண் போதும். 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறக்குறைய 12 லட்சம், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர் என 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிராம மக்கள். தப்பிப் பிழைத்தோர்க்கு ஏற்றப்பட்ட மருந்தின் பின்னால் ஓர் இருளரின் கை இருந்திருக்கலாம். தம் உயிரைக் காத்தவர் எக்குலத்தார் என்பதை அவர்கள் அறியார்.

2017 தொடக்கத்தில் செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இரு இருளர்கள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். அங்கே செல்லப்பிராணியாக வளர்க்கக் கொணர்ந்த பர்மிய மலைப்பாம்புகள் காட்டில் பெருகி, பிற உயிர்களை அழித்துவந்தன. கருவிகளும் ஆய்வாளர்களும் நிறைந்த நாட்டில் அவற்றைக் கண்டுபிடிப்பது அரிதாயிருந்தது. இருளர் இருவரும் இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகளைப் பிடித்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளம். புல் சாய்ந்திருக்கும் விதம், மண்ணில் வயிறு பதிந்த தடம், எச்சம், உரித்த சட்டை, வளை வாயின் வழவழப்பு ஆகிய சிறு குறிப்புகளைச் சேர்த்துப் படிப்பதே இருளரின் முறை. 2023-இல் இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது. இவர்கள் முறையான பள்ளிக்கல்வி பெறாதவர்கள் என்று செய்தித்தாள்கள் வியந்து எழுதின. அவர்கள் பெற்ற கல்வி முறையற்றது என்று யார் முடிவு செய்தது? தகப்பனோடும் பாட்டனோடும் ஐந்து வயது முதல் காட்டில் நடந்து, பார்த்து, தவறி, திருத்தம் பெற்றுக் கற்ற கல்வியில் முறை உண்டு. சான்றிதழ் மட்டுமே இல்லை.

காட்சியா, பாடமா?

பள்ளிச் சுற்றுலா செல்லும் பிள்ளைகள் வடநெம்மேலியில் நஞ்சு எடுப்பதைப் பார்க்கிறார்கள். வட்டமான தாழ்விடத்தில் இருளர் ஒருவர் பானையிலிருந்து பாம்பை எடுத்து, கண்ணாடிக் கலத்தின் வாயில் கட்டிய தோலைக் கடிக்கச் செய்கிறார். மஞ்சள் நிறத்தில் சில துளிகள் இறங்குகின்றன. பிள்ளைகள் கூச்சலிடுகிறார்கள். விளக்கவுரை கேட்கிறது, பின்னர்ப் பேருந்து கிளம்புகிறது. இதனைக் குறைகூற வேண்டியதில்லை. பல பிள்ளைகளுக்குப் பாம்பைக் கொல்லாமல் பார்க்கும் முதல் வாய்ப்பு அதுவே. ஆயினும் இங்கே பாம்பே நடுவில் இருக்கிறது; பாம்பைப் பிடித்தவர் அதன் பின்னால் நிற்கிறார். அவரிடம் கேள்வி கேட்க நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

பாடம் என்பது வேறு. அதற்குப் பாம்பே தேவையில்லை. உயிருள்ள பாம்பைப் பள்ளிக்குக் கொண்டுவருவதற்குச் சட்டமும் இடந்தராது. ஒரு முதியவர் பள்ளி வேலிக்கு வெளியே பிள்ளைகளை ஒரு மணி நேரம் நடத்திச் சென்றால் போதும். எலிவளைக்கும் நண்டுவளைக்கும் வேறுபாடு என்ன, சட்டை உரித்த பாம்பு எத்திசையில் போயிருக்கும், சாரைப்பாம்பைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டியதில்லை, வெறுந்தரையில் படுத்துறங்குவோரைக் கட்டுவிரியன் எந்நேரத்தில் கடிக்கும் என்பனவற்றை அவர் காட்டிக் காட்டிச் சொல்வார். இருளர் முதியோர் பொதுவாக நீண்ட சொற்பொழிவு செய்வோர் அல்லர். நிற்பார், பார்ப்பார், ஒரு சொல் சொல்வார், மீண்டும் நடப்பார். நாற்பத்தைந்து நிமிட மணியடிப்புக்குப் பழகிய ஆசிரியர்க்கு இது பொறுமையைச் சோதிக்கும். பெண்களின் அறிவோ இன்னொரு துறை. செங்கல்பட்டுப் பகுதியில் தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடிப் பெண்கள் நலச் சங்கம் மூலிகைகளையும் காட்டு மரக்கன்றுகளையும் வளர்த்துக் காத்து வருகிறது. அங்குள்ள மூதாட்டியர் இலையை முகர்ந்து பெயர் சொல்லும் வேகம் நம் தாவரவியல் வகுப்புகளில் காண்பதற்கு அரிது.

ஒன்றை மறைக்கலாகாது. முதியோர் அறிவு அனைத்தும் ஒரே தரத்தது அன்று. பாம்புக்கடிக்குப் பச்சிலை கொடுக்கும் வழக்கம் இருளரிடையேயும் உண்டு. ஆனால் நஞ்சு ஏறியவரைக் காப்பதாக நிறுவப்பட்ட மருந்து நச்சுமுறி ஊசி ஒன்றே. கடிவாயைக் கீறாமல், இறுகக் கட்டாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். முதியவரோடு அறிவியல் ஆசிரியரும் உடன்நிற்பது இதனால்தான் வேண்டப்படுகிறது. அவ்வாசிரியர் நடுவராக நிற்கலாகாது; உடன் கற்பவராக நிற்க வேண்டும். தமக்குத் தெரிந்ததை அவரும் சொல்லலாம்.

பாம்பும் பிரசங்கமும்

நம் பள்ளிகளுக்கும் ஞாயிறு பள்ளிகளுக்கும் இங்கு ஒரு தனிச்சிக்கல் உண்டு. ஆதியாகமம் 3-ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கும்போது, பாம்பைச் சாத்தானாகவும், பாம்பை நசுக்குவதை வெற்றியாகவும் படம் வரைந்து காட்டுகிறோம். அவ்வகுப்பில் ஓர் இருளச் சிறுமி அமர்ந்திருக்கிறாள் எனக் கொள்வோம். அவள் தகப்பன் பாம்பைக் கொல்லாமல் பிடித்து, கொல்லாமல் விடுபவர். பாட்டனார் பிடித்த பாம்பின் நஞ்சால் யாரோ பிழைத்திருக்கிறார்கள். அவள் காதில் நம் பாடம் எவ்வாறு விழும்? ஏற்கெனவே அவளை எலி தின்பவள் என்றும் பாம்புக்காரி என்றும் உடன்படிப்போர் அழைக்கும் பள்ளிகள் உண்டு. நம் வேதபாடமும் அக்கேலிக்கு வலுச்சேர்த்துவிடக்கூடும்.

திருமறை பாம்பைப் பற்றிப் பேசுவது ஓரிடத்தில் மட்டும் அன்று. எண்ணாகமம் 21-இல் வெண்கலச் சர்ப்பம் பிழைக்கும் வழியாக உயர்த்தப்படுகிறது. யோவான் 3:14 அதனைச் சிலுவையோடு இணைக்கிறது. அதே சர்ப்பத்திற்கு மக்கள் தூபம் காட்டத் தொடங்கியபோது எசேக்கியா அதனை உடைத்தான் என 2 இராஜாக்கள் 18:4 கூறுவதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். மத்தேயு 10:16-இல் நம் ஆண்டவர் சீடர்க்கு எடுத்துக்காட்டாகத் தந்த உயிர்களுள் பாம்பும் ஒன்று. ஏசாயா 11:8 வருங்காலச் சமாதானத்தைப் படம்பிடிக்கையில் பாம்பை உலகிலிருந்து நீக்கிவிடவில்லை. வளையருகே குழந்தையை வைக்கிறது. இவையெல்லாம் ஆதியாகமத்தின் கருத்தை நீக்குவன அல்ல. ஆயினும் ஒரே வசனத்தைக் கொண்டு ஓர் உயிரினத்தையும், அதனோடு வாழும் மக்களையும் இருளுக்கு ஒப்புக்கொடுப்பது நேர்மையான விளக்கம் ஆகாது.

1 இராஜாக்கள் 4:33 இங்கு மிகவும் கருதத்தக்கது. சாலொமோனின் ஞானத்தை விவரிக்கும் அவ்வசனம் அவன் கோயிலையோ நீதித்தீர்ப்பையோ குறிப்பிடவில்லை. மரங்கள், மிருகங்கள், பறவைகள், ஊரும் பிராணிகள், மீன்கள் ஆகியவற்றைக் குறித்து அவன் பேசியதையே ஞானமாகக் காட்டுகிறது. இஸ்ரவேலின் ஞான மரபு அண்டை நாட்டாரிடமிருந்தும் கற்றுக்கொண்டது என்பதை நம் மாணவர் முதலாண்டிலேயே படிக்கின்றனர். எகிப்தியரிடம் கற்றால் அது ஞான இலக்கியம். ஏரிக்கரை இருளரிடம் கற்றால் அது மூடநம்பிக்கை என்று கொள்வோமாயின், நாம் எதனை அளவுகோலாகக் கொண்டுள்ளோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு திலிங்கிட் ஆயர்

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அலாஸ்காவின் தென்கிழக்குக் கரையோரத்தில் திலிங்கிட் என்னும் பூர்வகுடியினர் வாழ்கின்றனர். காக்கை, கழுகு என்ற இரு பெரும் பிரிவுகளும், அவற்றினுள் பல குலங்களும் தாய்வழியில் அமைந்த சமுதாயம் அது. அங்கே பிரஸ்பிட்டேரியன் திருச்சபையார் 1878-இல் சிட்காவில் பள்ளி தொடங்கினர். 1885 முதல் அலாஸ்காவின் கல்விப் பொறுப்பை அரசின் சார்பில் ஏற்ற ஷெல்டன் ஜாக்சன் அத்திருச்சபையின் மிஷனரியே. பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்பது அவர் காலத்துக் கொள்கை. பிள்ளைகள் தாய்மொழி பேசத் தடை இருந்தது. பெருவிருந்துச் சடங்குகளைக் கைவிடும்படி மக்கள் வற்புறுத்தப்பட்டனர். மிஷனரிகள் பலர் அன்பு மிக்கவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவர்கள் நடத்திய பள்ளியில் பாட்டிக்கு இடமில்லை.

அப்பள்ளியில் படித்தவர்களுள் ஒருவர் வால்ட்டர் சொபொலெஃப். 1908-இல் திலிங்கிட் தாய்க்குப் பிறந்தவர். தந்தைவழிப் பாட்டனார் உருசிய ஆர்த்தடாக்ஸ் குரு. அயோவா மாநிலத்தின் டுபூக்கில் இறையியல் பயின்று, 1940-இல் குருப்பட்டம் பெற்று, ஜூனோ நகரின் மெமோரியல் பிரஸ்பிட்டேரியன் சபையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தார். வானொலியில் திலிங்கிட் மொழியில் பேசினார். 1970-இல் ஃபேர்பாங்க்ஸ் பல்கலைக்கழகத்தில் அலாஸ்காப் பூர்வகுடிகள் ஆய்வுத்துறையை நிறுவினார். முதுமையில் திலிங்கிட் பண்பாட்டை இளையோர்க்குக் கற்பிப்பதையே பணியாகக் கொண்டு, 2011-இல் தம் 102-ஆம் வயதில் மறைந்தார். அவர் பிறந்த நவம்பர் 14-ஆம் நாளை அலாஸ்கா அரசு சட்டப்படி அவர் நினைவுநாளாக்கியுள்ளது. அவர் ஆயராக இருந்த சபை மக்கள் நிறைந்ததாயிருந்தும் 1960-களின் தொடக்கத்தில் மேலிட முடிவால் மூடப்பட்டது. அதற்காகத் திருச்சபையார் 2023 அக்டோபரில் ஜூனோவில் பொதுவில் மன்னிப்புக் கோரினர். அம்மன்னிப்பைக் கேட்க அவர் உயிரோடில்லை.

அலாஸ்காவிலிருந்து நாம் கற்கத்தக்கவை இரண்டு. சொபொலெஃப் ஆயராக இருந்துகொண்டே மூத்தவராகவும் இருந்தார். ஒன்றை ஏற்க மற்றொன்றைத் துறக்கவேண்டும் என்று அவர் எண்ணவில்லை. மற்றொன்று கல்வி முறை பற்றியது. 1998-இல் அலாஸ்காப் பூர்வகுடிக் கல்வியாளர்கள், பண்பாட்டுக்கு இசைந்த பள்ளி எவ்வாறு இருக்கவேண்டும் என்பதற்கு அளவுகோல்கள் வகுத்தனர். முதியோர் பள்ளியின் வாழ்வில் தொடர்ந்து பங்குபெற வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. ஆண்டுவிழாவிற்கு ஒரு நாள் வந்துபோவதை அவர்கள் கருதவில்லை. அத்துடன் திலிங்கிட் மரபில் கதைக்கும் பாட்டுக்கும் குலச் சின்னத்திற்கும் உரிமையாளர் உண்டு. ஒரு குலத்தின் கதையை மற்றொரு குலத்தார் உரிமையின்றிச் சொல்லலாகாது. ஆகவே அங்கு ஒரு முதியவர் வகுப்பிற்கு வந்தால், எதனைச் சொல்வது, எதனைச் சொல்லாமல் விடுவது என்பதை அவரே முடிவு செய்கிறார். ஆசிரியர் அதனை ஏற்கிறார்.

அழைக்குமுன்

இதனை நம் சூழலுக்குப் பொருத்தினால் சில கடினமான வினாக்கள் எழும்.

இருளரின் மூலிகை அறிவு வணிகர்க்கும் ஆராய்ச்சியாளர்க்கும் வேண்டப்படுவது. கேரளத்தின் காணிப் பழங்குடியார் காட்டிய ஒரு செடியிலிருந்து 1990-களில் மருந்து உருவானபோது, அவர்களுக்கும் பங்கு தரப்பட வேண்டும் என்ற கேள்வி நாட்டின் கவனத்திற்கு வந்தது. 2002-ஆம் ஆண்டு உயிரியற் பன்மைச் சட்டம் அவ்வுரிமைக்கு இடம் தருகிறது. எனவே மூதாட்டி சொல்லும் மருந்துக் குறிப்பை மாணவர் எழுதிப் பள்ளி மலரில் அச்சிடுவது தீங்கற்ற செயல் போலத் தோன்றினும், அவர் இசைவின்றிச் செய்யத்தக்கதன்று. சொல்ல மறுப்பதும் அவர் கற்பித்தலின் ஒரு பகுதியே.

அடுத்தது கூலி. தன்னார்வத் தொண்டு என்ற சொல் மாதச் சம்பளம் பெறும் நமக்கு எளிது. அன்றன்று உழைத்து உண்ணும் ஒருவர் பள்ளிக்கு ஒரு நாள் வந்தால் அவர் வீட்டில் அன்று வருவாய் இல்லை. செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்திற்குக் கொத்தடிமைகளாகச் சிக்கி மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள் இம்மாவட்டங்களில் பல. இம்மக்களிடம் இலவசமாக ஒன்றைக் கேட்பதற்கு முன் நாம் தயங்கவேண்டும். அவர் தாமாகவே மனமுவந்து வருவதாகக் கூறினும், சிறப்புப் பேச்சாளராக வரும் பேராசிரியர்க்கு என்ன அளிப்போமோ அதனையே அவருக்கும் அளிப்பது முறை. பேராசிரியர்க்குச் சால்வையும் உறையும், இருளர்க்குத் தேநீரும் நன்றியும் என்பது நம் நிறுவனங்களில் காணக்கூடாத காட்சி அல்ல.

விளிமுறையும் சிறிய செய்தி அன்று. ஊர்ப் பிள்ளைகள் இருளர் முதியவரை ஒருமையில் அழைப்பது இன்னும் முற்றும் ஒழியவில்லை. பேத்தியின் வயதுடைய பிள்ளை பாட்டனை வா, போ என்பதை அவர் பேத்தியே அருகிலிருந்து கேட்கிறாள். தலைமை ஆசிரியர் வாயில்வரை சென்று, ஐயா என்று அழைத்து, தம் நாற்காலிக்கு இணையான நாற்காலியில் அமர்த்தினால், அந்த ஒரு செயலைப் பிள்ளைகள் அன்றைய பாடத்தைவிட அதிகமாக நினைவில் வைப்பர். அப்பேத்தியும் நினைவில் வைப்பாள். இருளப் பிள்ளைகள் இடைநிற்பதற்கு வறுமையும், சாதிச் சான்றிதழ் கிடைக்காமையும் காரணம் என்பது பலரும் அறிந்ததே. 2021 நவம்பரில் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாவும் சான்றிதழும் முதலமைச்சரே நேரில் வழங்க நேர்ந்தது அக்குறையின் ஆழத்தைக் காட்டும். நாணமும் ஒரு காரணம் என்பதைப் புள்ளிவிவரம் சொல்லாது, ஆசிரியர் அறிவர்.

கடைசி வினா ஆயர்களாகிய நம்மை நேரே தொடுவது. மாசி மகத்தன்று பல மாவட்டங்களிலிருந்தும் இருளர் மாமல்லபுரக் கடற்கரையில் கூடுகின்றனர். சேலைகளைக் கட்டிக் கூடாரமிட்டு இரவு தங்கி, விடியலில் மணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே பெண் பார்த்துத் திருமணமும் முடிக்கின்றனர். கோபங்கொண்டு கடலுக்குச் சென்ற அம்மனை மீண்டும் வீட்டுக்கு அழைத்து வருவதாக அவர்கள் கூறுவர். முதியவர் வகுப்பில் இதனைச் சொல்லத் தொடங்கினால் நம் பள்ளி என்ன செய்யும்? நிறுத்தச் சொல்வோமாயின், நாம் அழைத்தது அவரையன்று, அவரிடமுள்ள பாம்பு அறிவை மட்டுமே என்பது வெளிப்பட்டுவிடும். எவ்வித விளக்கமுமின்றி விட்டுவிடுவதும் நேர்மையன்று என்று சிலர் கருதுவர். அவர்கள் அச்சத்தை நான் இகழவில்லை. ஆயினும் ஒரு மக்கள் தங்கள் தெய்வத்தைத் தேடிக் கடற்கரை வரை நடந்து, வீட்டிற்கு வரும்படி மன்றாடுவதைக் கேட்டு நம் பிள்ளைகளின் விசுவாசம் குலைந்துவிடும் எனில், நாம் ஞாயிறுதோறும் கற்பித்தது மிக மெலிதானதாக இருந்திருக்க வேண்டும். சொல்பவர் விருந்தினர் அல்லர், அந்நேரத்து ஆசிரியர். பிள்ளைகள் அவரிடம் கேட்கட்டும். பின்னர் நம்மிடமும் கேட்பர். அவ்வாறு கேட்கும்போது விடைகூற நாம் ஆயத்தமாயிருப்பதே நம் பொறுப்பு. கிறித்துவை ஏற்ற இருளக் குடும்பத்தார் மாசி மகத்திற்குச் செல்லலாமா என்பதை அவர்களுடன் அமர்ந்தே சிந்திக்க வேண்டும். அவர்களுக்காக நாம் தொலைவிலிருந்து தீர்மானித்த காலத்தின் விளைவை அலாஸ்காவில் கண்டோம்.

செம்பரம்பாக்கம் சுற்றுப்புறத்தில் பள்ளியோ ஞாயிறு பள்ளியோ நடத்துவோர் இவ்வாண்டே முயல விரும்பினால் புரட்டாசி மாதம் ஏற்றது. நிலம் காய்ந்திருக்கும், வளைகளும் தடங்களும் தெளிவாகத் தெரியும். ஐப்பசியில் மழை தொடங்கி ஏரி நிரம்பும்போது தாழ்விடத்துப் பாம்புகள் மேட்டைத் தேடிக் குடியிருப்புகளை நோக்கி வரும். தொழிலாளர் விடுதிகளிலும் புதுக் குடியிருப்புகளிலும் வாழும் பிள்ளைகள் அதற்கு முன்னரே முதியவரோடு ஒருமுறை கரையில் நடந்திருப்பது நலம்.